ஏழுபங்கில் குறுக்குப் பாத்தி

அக்டோபர் 9, வியாழன்

சோலைமட்டம் தடுப்பணையில் இன்று தண்ணீரைவிட மண் அதிகம். பம்ப் ஆபரேட்டர் மாயக்கண்ணன் சொன்னார். நம்பாமல் மூங்கில் கம்பை இறக்கி நானே பார்த்தேன். நாலடி தண்ணீர். அதற்குக் கீழே எட்டடி ஆழத்துக்குக் கம்பு மெத்தென்று இறங்கியது. வெளியே இழுத்தால் பாதிக்கு மேல் கருஞ்சேறு.

“அணை கட்டுன வருசம் இதுல ஆளு முங்கிச் செத்திருக்கான் சார். இப்ப எருமை படுத்தாக்கூட முதுகு நனையாது” என்றார் மாயக்கண்ணன்.

கீழே இரண்டு ஊருக்கு இதுதான் குடிநீர். அக்டோபர் பிறந்தால் குழாயில் பால் விடாத டீ போல வரும். அலுவலகம் என்னை மலையேற்றியது இதற்குத்தான். நான்கு நாள், இரண்டு கட்டுரை.

மண் எங்கிருந்து வருகிறது என்பதில் மர்மம் இல்லை. அணைக்கு நேர் மேலே ஏழுபங்கு என்று ஒரு சரிவு. ஏழு குடும்பம் பூண்டு போடுகிறது. பாத்திகளெல்லாம் மேலிருந்து கீழாக, சீப்பு வைத்து வாரியதுபோல. மழை விழுந்தால் ஒவ்வொரு சாலும் ஓடைதான்.

தங்கியிருப்பது பூண்டுக் குடோனுக்கு மேல் அறை. சட்டை, போர்வை, பல்பொடி எல்லாம் பூண்டு வாசம். குடோன் ஏழாவது பங்குக்காரி ஜெயக்கொடியுடையது. நாற்பது வயதிருக்கும், வார்டு மெம்பர். கணவர் மினி லாரியில் வடுகபட்டிச் சந்தைக்குப் பூண்டு ஏற்றிப் போவார், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை முகம் காட்டுவார். ஜெயக்கொடி சரிவைக் குறுக்காக உழ வேண்டும் என்கிறார். குறுக்கே பாத்தி, குறுக்கே வாய்க்கால். மற்ற ஆறு பேரும் அவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்கிறார்கள். 

அக்டோபர் 10

ஏன் யாரும் குறுக்கே உழவில்லை என்பதற்கு இன்று விடை கிடைத்தது. நான் எதிர்பார்த்த விடை இல்லை.

பாகம் பிரித்தவர்கள் நியாயவான்கள். சரிவின் தலையில் ரோடு, காலில் ஓடை. ஒருவனுக்கு மேல்பாதி, ஒருவனுக்குக் கீழ்பாதி என்று கொடுத்தால் ஒருவனுக்கு ரோடு இல்லை, மற்றவனுக்குத் தண்ணீர் இல்லை. ஆகவே ரோட்டிலிருந்து ஓடைவரை நெடுக்காகக் கிழித்து ஏழு பட்டை. எல்லாருக்கும் ரோடு, எல்லாருக்கும் ஓடை. ஒரு பட்டையின் அகலம் ஒரு லாரி திரும்பக் காணாது. அதற்குள் குறுக்கே பாத்தி போட்டால் நாலு எட்டில் அடுத்தவன் வரப்பு முட்டும். வாய்க்கால் அவன் நிலத்துக்குள் போய்த்தான் ஆக வேண்டும். நியாயமாகப் பிரித்த நிலம், ஆகவே மண் அணைக்குள் கிடக்கிறது. இந்த வாக்கியத்தை எழுதியபின் அறையில் இரண்டு சுற்று நடந்தேன். பல வருடமாக இப்படி ஒரு கட்டுரை எனக்குச் சிக்கவில்லை.

நான்காம் பங்கு குழந்தைவேலு, ஐந்தாம் பங்கு தண்டபாணி. உடன்பிறந்தவர்கள், தண்டபாணி மூத்தவர். பேச்சுவார்த்தை இல்லை. வரப்பில் நின்ற பேரிமரத்தை யார் வெட்டியது என்று வழக்கு. இன்று இருவருக்கும் நடுவே நான் நிற்க நேர்ந்தது.

“பேப்பர்க்காரரே, குறுக்கே வாய்க்கா வெட்டுனா இவன் தண்ணி பூராம் என் தலையில விழும். அதச் சொல்லுங்க அவன்ட்ட.”

கேட்கும் தூரத்தில்தான் தம்பி நிற்கிறார்.

“சார், அந்தாளு தலையில தண்ணி விழுந்தாலாவது மூளை குளுரும்னு சொல்லுங்க.”

இரண்டையும் எழுதிக்கொண்டேன். பேரிமரத்தைப் பற்றி ஜெயக்கொடியிடம் விசாரித்தேன்.

“அதுவா? அது தானாப் பட்டுப்போச்சுண்ணே. ஒருத்தரும் வெட்டல.”

அக்டோபர் 11

பேருந்தைத் தவறவிட்டேன். மாலையில் இன்னொன்று இருந்தது.

அக்டோபர் 13, திங்கள்

மண் காப்புப் பொறியாளர் நசீமா ஜீப்பில் வந்தார். பள்ளிக்கூட வராந்தாவில் கூட்டம். ஏழு பங்குக்காரர்களும் வந்திருந்தார்கள். அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு தூணில் சாய்ந்து நின்றார்கள்.

எல்லாருடைய பயமும் ஒன்றுதான். பூண்டுக்கு ஈரம் வேண்டும், நீர் நிற்கக் கூடாது. குறுக்குப் பாத்தியில் இரண்டு நாள் நீர் தங்கினால் பல் கூழாகிவிடும். நெடுக்குச் சாலில் அந்தக் கவலையே இல்லை.

“தண்ணிய நிறுத்தச் சொல்லலங்க. இப்ப அது ஓடுது. நடக்கச் சொல்றேன்” என்றார் நசீமா. திட்டம் சிக்கலானதல்ல. முதல் பங்கிலிருந்து ஏழாம் பங்குவரை சரிவின் குறுக்கே வாய்க்கால்கள். ஒவ்வொன்றும் கிழக்கே மிக லேசாகத் தாழ வேண்டும், கண்ணுக்குத் தெரியாத அளவு. தண்ணீர் மெதுவாக ஏழாம் பங்கின் ஓரத்துக்குப் போய், அங்கே புல் நட்ட அகலமான பள்ளத்தில் இறங்கி ஓடையைச் சேரும். அந்தப் பள்ளத்துக்கு நிலம் கொடுப்பது ஜெயக்கொடி.

“அழுகிப் போனா?” என்றார் தண்டபாணி. கேள்வி நசீமாவுக்கு. பதில் வந்தது ஜெயக்கொடியிடமிருந்து.

“வைகாசிக்குன்னு பாதி விதைய நிறுத்தி வப்பேன்ல, அதையும் சேத்து பூராத்தையும் குறுக்குப் பாத்தியில ஊனுறேன். அழுகுனா எனக்கு மொதல்ல அழுகட்டும். போதுமா மாமா?”

விதைப்பூண்டு முழுவதையும் ஒரே நடவில் இறக்குவது இங்கே யாரும் செய்யாத காரியம். இது அழுகினால் வைகாசியில் ஊன்ற அவரிடம் ஒரு பல்கூட இருக்காது. பெரிய மழைக்குத் தாங்கவில்லையென்றால் மறுநாளே பழைய சாலுக்குத் திரும்புவோம் என்ற நிபந்தனையோடு ஒரு போகத்துக்கு மட்டும் ஆறு பேரும் தலையாட்டினார்கள்.

நியூஸ் எடிட்டர் உமாபதிக்கு இன்னும் சில நாள் ஆகும் என்று செய்தி அனுப்பினேன்.

அக்டோபர் 15

கோடு போடுகிறோம். போடுகிறார்கள். கொத்தனார் மட்டம் பார்க்கும், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய்; இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரம் நின்றால் மட்டம். நசீமா ஒரு முனை. மறுமுனையைப் பிடிக்க வேண்டிய ஆள் வரவில்லை. செய்தியாளன் செய்தியில் தலையிடக் கூடாது என்பது இந்தத் தொழிலில் முதலில் கற்றது. குழாயைப் பிடிப்பது தலையிடுவதாகாது.

மாலையில் மேட்டில் ஏறிப் பார்த்தால் சுண்ணாம்புக் கோடுகள் ஏழு நிலத்தையும் வரப்புகளைச் சட்டை செய்யாமல் தாண்டிப் போகின்றன. என்ன அழகு! (கட்டுரையில் இந்த வரி வேண்டாம்.)

அக்டோபர் 17

அவரவர் பங்குக்குள் அவரவரே வாய்க்கால் வெட்டினார்கள். குழந்தைவேலு மம்பட்டியோடு பொழுது சாயும்வரை வேலை செய்தார். தண்டபாணியும் அப்படியே. இவ்வளவு அக்கறையை நான் எதிர்பார்க்கவில்லை. கட்டுரைக்குக் குறித்துக்கொண்டேன்: பகையை மறந்து உழைத்த சகோதரர்கள்.

என் உள்ளங்கையில் மூன்று கொப்புளம். ஏழாம் பங்கில் ஆள் குறைவு.

அக்டோபர் 19

பூண்டு ஊன்றி முடிந்தது. பெண்கள் வரிசையாகக் குனிந்து பல்லைக் கூர்முனை மேலே வைத்து அழுத்திக்கொண்டே பக்கவாட்டில் நகர்ந்தார்கள். இத்தனை வருடம் சரிவில் ஏறி இறங்கி ஊன்றியவர்கள். “நண்டு மாதிரி நடக்க விட்டுட்டியேடி ஜெயக்கொடி” என்று ஒருத்தி கத்த, சரிவு முழுக்கச் சிரிப்பு.

உமாபதி தொலைபேசியில் பிடித்தார்.

“அண்ணே, நாளைக்குத் தீபாவளி. வீட்டுக்குப் போகலையா?”

“வேலை இருக்கு.”

“ரெண்டு கட்டுரைக்கு இவ்வளவு வேலையா? டிசம்பர் முப்பத்தொண்ணு உங்க ரிட்டயர்மெண்ட் விழாவுக்கு மண்டபம் பாக்கச் சொல்லியிருக்காங்க. உங்க பக்கம் எத்தனை பேரு வருவாங்க?”

மலையில் சிக்னல் சரியில்லை.

அக்டோபர் 24

முதல் மழை. சின்ன மழை. ஏழுபங்கு ஓடையிலும், இன்னும் நெடுக்குச் சாலே இருக்கும் எதிர்ச் சரிவின் ஓடையிலும் ஒவ்வொரு பாட்டில் தண்ணீர் பிடித்து ஜன்னலில் வைத்தேன். மறுநாள்வரை தெளியட்டும்.

அக்டோபர் 25

எதிர்ச் சரிவுப் பாட்டிலின் அடியில் இரண்டு விரல் மண். ஏழுபங்கு: கால் விரல்கூட இல்லை!

மூன்று முறை பார்த்தேன். பாட்டில் மாறிவிட்டதோ என்று மேலே ஒட்டிய காகிதத்தைச் சரிபார்த்தேன். மாறவில்லை. படியில் இறங்கி ஓடி ஜெயக்கொடியிடம் காட்டினேன். சாம்பார் கரண்டியோடு வந்து பார்த்தார்.

“இது தூத்தல்ண்ணே. கார்த்திகை மழை வரட்டும்.”

அவர் சொல்வது சரி. ஒரு பாட்டில் ஆதாரமாகாது. ஆனாலும் இன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

நவம்பர் 3

துணி துவைத்தேன். காயவில்லை. முளை நான்கு விரல் உயரம். முதல் கட்டுரை அனுப்பியாயிற்று. இரண்டாவது பெரிய மழைக்குப் பிறகுதான் என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 17, திங்கள்

மழை நேற்று மாலை பிடித்தது. தோட்டக்கலைப் பண்ணையின் மழைமானியில் காலை எட்டரைக்குப் பதினொன்றரை சென்டிமீட்டர்; பண்ணைக் காவலாளி தொலைபேசியில் சொன்னது.

விடிந்ததும் போனேன். ஜெயக்கொடி எனக்கு முன்பே புல் பள்ளத்தின் ஓரத்தில் உரச்சாக்கைக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். முதல், இரண்டாம், மூன்றாம் பங்குகளில் வாய்க்கால் நிறைந்து தண்ணீர் கிழக்கே நடந்து வருகிறது. ஓடவில்லை! நடக்கிறது! நசீமா சொன்ன அதே சொல். சத்தம் போட்டுச் சொன்னேன் போலிருக்கிறது, எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆனால் அந்தத் தண்ணீர் ஏழாம் பங்குக்கு வரவேயில்லை. புல் பள்ளம் வெறும் ஈரமாகக் கிடந்தது.

“எங்கண்ணே போகுது?” என்றார் ஜெயக்கொடி.

நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே, பேரிமரம் நின்ற வரப்பில், தண்ணீர் குளம்போலத் தேங்கிச் சுழன்றுகொண்டிருந்தது. நாங்கள் போய்ச் சேரவும் கரை விட்டது. ஒரு ஆள் புகும் அளவுக்கு உடைப்பு. கீழே இருந்த வாய்க்காலையும் உடைத்துக்கொண்டு மண் கிளம்பியது.

“பேப்பர்க்காரரே, அந்தாளு வாய்க்காலுக்குள்ள மண்ணப் போட்டு ஒசத்தி வச்சிருக்காரு. அதான் தண்ணி போகல!” இது குழந்தைவேலு.

“அவன் பள்ளமா வெட்டி என்மேல தள்ளிவிட்டிருக்கான், அதக் கேளுங்க மொதல்ல!” இது தண்டபாணி.

குறிப்பெடுக்க வசதி இல்லை. சாக்கில் மண் நிரப்பிக் கொண்டுவரும்வரை யாராவது உடைப்பை அடைக்க வேண்டியிருந்தது. அங்கிருந்த ஒருவர் உடைப்பில் இறங்கி, தண்ணீருக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தார். பெயர் இங்கே அவசியமில்லை. ஐம்பத்தெட்டு வயதில் அது தேவையா என்று பிறகு கேட்டவர்கள் உண்டு.

“எந்திரிங்கண்ணே! உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாருக்கு நான் பதில் சொல்றது?”

“சாக்கு எங்கம்மா?”

அப்போதுதான் தண்டபாணி தம்பியைப் பார்த்து நேராகக் கத்தினார். “டேய் வேலு! வேடிக்கையா பாக்குற? சாக்கோட அந்தத் தலைப்பப் பிடிடா!”

“பிடிச்சுக்கிட்டுத்தான இருக்கேன்! கண்ணு அவிஞ்சு போச்சா?”

இரண்டு வாக்கியம். நடுவில் ஆள் இல்லாமல். சாட்சிகள்: நானும் ஜெயக்கொடியும். நான் உட்கார்ந்த நிலையில்.

பதினோரு மணிக்கு உடைப்பு அடைபட்டது.

நவம்பர் 18

காய்ச்சல் இல்லை. முதுகு மட்டும் பிடித்திருக்கிறது.

நசீமா வந்து குழாய் மட்டம் வைத்தார். முடிவு உறுதி. குழந்தைவேலு தன் பங்கில் வாய்க்காலை அண்ணன் பக்கம் ஒரு சாண் கூடுதலாகத் தாழ்த்தி வெட்டியிருக்கிறார், தன் நிலத்தில் ஒரு சொட்டு நிற்கக் கூடாதென்று. தண்டபாணி தன் வாய்க்காலைத் தம்பி பக்கம் ஒரு சாண் உயர்த்தி, தம்பியின் தண்ணீர் உள்ளே வராதபடி செய்திருக்கிறார். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. மேற்கே மூன்று பங்கின் தண்ணீரும் வந்து, போக இடமில்லாமல், வரப்பில் நின்று உடைத்துக்கொண்டது. மற்ற ஐந்து பங்கிலும் கோடு பிசகவில்லை.

அக்டோபர் 17 அன்று அவர்களின் உழைப்பைப் பற்றி நான் எழுதிய வரியை அடித்துவிட்டேன்.

நசீமா கோபப்படவில்லை. குழாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: “ரெண்டு பேரும் நல்லா வெட்டியிருக்கீங்க. ஒரு சாண், ஒரு சாண். சொல்லி வச்ச மாதிரி. பேசிக்காம எப்பிடிங்க இவ்வளவு பொருத்தமா வெட்டுனீங்க?”

முதலில் சிரித்தது மூன்றாம் பங்குக்காரர். பிறகு எல்லாரும். தண்டபாணி தரையைப் பார்த்துக்கொண்டு மம்பட்டியை எடுத்தார்.

சிரிப்பு அடங்கியதும் மூன்றாம் பங்குக்காரரே சொன்னார்: “நிபந்தனைனு ஒண்ணு பேசுனோம். தாங்கலைன்னா பழைய சாலுன்னு. தாங்கலையே.”

ஜெயக்கொடி மறுக்கவில்லை. “ஒரு வாரம் குடுங்க மாமா. பூண்டு அழுகியிருந்தா நானே வந்து நெடுக்க வெட்டித் தர்றேன்.”

இரண்டு பங்கையும் மாலைக்குள் திருத்திவிட்டார்கள். குழாயின் ஒரு முனை நசீமா. மறுமுனை வழக்கம்போல.

நவம்பர் 20

ஜெயக்கொடி காலையும் மாலையும் பாத்தி ஓரம் போய் நிற்கிறார். ஒன்றையும் பிடுங்கிப் பார்ப்பதில்லை. இலை நுனி சில இடத்தில் மஞ்சள். அது அழுகலா, குளிரா என்று கேட்டேன். “தெரியாதுண்ணே” என்றார். சோறு வைத்தவர் ரசம் ஊற்ற மறந்துவிட்டார். நானும் கேட்கவில்லை.

நவம்பர் 22

உமாபதி: “இரண்டாவது கட்டுரை?” நான்: “உறுதியாகல.”

நவம்பர் 25, செவ்வாய்

இன்று பிடுங்கிப் பார்த்தார்கள். ஏழு பங்குக்காரர்களும் வந்து நின்றார்கள். ஜெயக்கொடி பாத்தியின் நடுவில் ஒரு செடியைத் தேர்ந்து, விரலால் மண்ணை விலக்கி, அடித்தண்டைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். வேர் மண்ணை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருந்தது. வந்தபோது கொத்தாக வெள்ளை வேர், அரைச் சாண். பல் கெட்டியாக இருந்தது. நகத்தால் கீறி முகர்ந்தார். பிறகு மூன்றாம் பங்குக்காரர் மூக்கருகில் நீட்டினார்.

“மோந்து பாருங்க மாமா. கூழா?”

“கூழு இல்லத்தா.” அவர் அதை அடுத்தவரிடம் கொடுத்தார். அந்த ஒற்றைச் செடி கைமாறிக் கைமாறி ஏழு பேரிடமும் போயிற்று. குழந்தைவேலு கையிலிருந்து தண்டபாணி கைக்குப் போனது, இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே.

உடைப்புக்குக் கீழே இரண்டு வரிசை போய்விட்டது. மண்ணே இல்லாத இடத்தில் பூண்டு எங்கே நிற்கும். மற்றபடி ஆறு இடத்தில் பிடுங்கியதில் ஆறும் வெள்ளை வேர். பழைய சாலைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. நான் கடைசியாக அந்தச் செடியை வாங்கி அறைக்குக் கொண்டுவந்தேன். ஆதாரம்.

நவம்பர் 29, சனி

மறுபடி பெரிய மழை. பண்ணை மழைமானியில் ஒன்பது சென்டிமீட்டர். நான் ஓடினேன். ஓடும்போது முதுகு வலித்ததா என்று நினைவில்லை.

முதல் பங்கு, இரண்டு, மூன்று. நான்கிலிருந்து ஐந்துக்குத் தண்ணீர் நின்று யோசிக்காமல் தாண்டியது. ஆறு. அங்கே புல் பள்ளத்தின் வாயில் ஜெயக்கொடி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். முதல் தண்ணீர் சருகைத் தள்ளிக்கொண்டு மூலையில் திரும்பி வந்தது. புல்லுக்குள் புகுந்தது. புல் சாய்ந்தது, நிமிர்ந்தது. தண்ணீர் ஓடைக்குள் இறங்கியபோது அதன் ஊடாகக் கூழாங்கல் தெரிந்தது!

“வந்துருச்சுண்ணே! வந்துருச்சு!” சேற்றுக் கையால் என் தோளில் அடித்தார். சட்டை போனது. நான் என்ன கத்தினேன் என்று இங்கே எழுத வேண்டியதில்லை. மாயக்கண்ணன் அணையிலிருந்து கேட்டதாகச் சொன்னார்.

பாட்டில்கள் ஜன்னலில். எதிர்ச் சரிவு: நான்கு விரல். ஏழுபங்கு: அரை விரல்.

டிசம்பர் 2, செவ்வாய்

எதிர்ச் சரிவிலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். அங்கே பதினோரு பங்கு. வாய்க்காலை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, வரப்பை எப்படித் தாண்டியது, அதில் சண்டை வரவில்லையா என்று தண்டபாணியிடம் கேட்டார்கள்.

தண்டபாணி பீடியைப் பற்றவைத்தார். “மட்டம் பாத்து வெட்டணும். நம்ம புத்திக்கு வெட்டக் கூடாது.” பிறகு பக்கத்துப் பங்கில் களை எடுத்துக்கொண்டிருந்தவரைத் தாடையால் காட்டினார். “வெவரமா வேணும்னா எந்தம்பியக் கேளுங்க. அவனுக்குத்தான் பொறுமையாச் சொல்ல வரும்.”

குழந்தைவேலு நிமிரவில்லை. களைக்கொத்து மட்டும் நின்றது.

இரண்டாவது கட்டுரையை இன்று அனுப்பினேன். உமாபதி படித்துவிட்டு, “யாருண்ணே அந்த உடைப்புல உக்காந்த ஆளு? பேரு போடலாமே” என்றார். உள்ளூர்க்காரர் என்று சொன்னேன்.

இன்று இரவு வரை உறுதியானவை: வெள்ளை வேர், அரை விரல் மண். உறுதியாகாதவை: அணைத் தண்ணீரின் ஆய்வுக்கூட முடிவு, பன்னிரண்டாம் தேதி வரும் என்கிறார் நசீமா. எதிர்ச் சரிவில் பதினோரு பேரும் ஒப்புவார்களா என்பது வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் தெரியும். விளக்கிச் சொல்லப் போகிறவர் குழந்தைவேலு, கூடப் போவாரா என்று தண்டபாணி இன்னும் சொல்லவில்லை. அணைக்குள் ஏற்கெனவே கிடக்கும் எட்டடி மண்ணை யார், எப்போது அள்ளுவது என்பதற்கு ஒருவரிடமும் தேதி இல்லை. ஜெயக்கொடி வைகாசிக்கு விதை எடுப்பாரா, அது பூண்டு முற்றிக் குமிழ் கட்டிய பிறகுதான் தெரியும். பிப்ரவரி கடைசி வாரம். அறுவடைக்கு ஆள் குறையும் என்று அவரிடம் கேள்விப்பட்டேன். ஒருவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.